இணையச் சந்தைகளில் விற்பனையாளர் கட்டணம்

இணையச் சந்தைகளில் விற்பனையாளர் கட்டணம் என்பது, ஓர் இணையச் சந்தையின் வழியாகப் பொருள் விற்பவரிடமிருந்து அச்சந்தையை நடத்தும் நிறுவனம் பெற்றுக்கொள்ளும் தொகையைக் குறிக்கும். கைவினைப் பொருட்களையும் பயன்படுத்திய பழைய பொருட்களையும் விற்கும் சந்தைகளில் இக்கட்டணம் சிறப்பான முக்கியத்துவம் உடையது. இச்சந்தைகளில் விற்போரில் பெரும்பாலானோர் தனி ஆட்களும் சிறு குடும்பத் தொழில் செய்வோரும் ஆவர். அவர்கள் விற்கும் பொருட்களின் விலையும் குறைவு. ஆகவே கட்டணத்தில் ஏற்படும் சிறிய மாற்றமும் அவர்களுடைய வருமானத்தைப் பெரிதும் பாதிக்கின்றது.

இக்கட்டணம் பொதுவாக ஒரே தொகையாக அமைவதில்லை. பொருளைப் பட்டியலிடுவதற்கு ஒரு தொகை, விற்பனையானால் ஒரு விழுக்காடு, பணத்தைப் பெற்றுத் தருவதற்கு ஒரு தொகை, விளம்பரத்திற்கு ஒரு தொகை எனப் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சந்தைகள் ஒவ்வொன்றும் இக்கூறுகளை வெவ்வேறு முறையில் அமைத்துள்ளமையால், அறிவிக்கப்பட்ட விழுக்காட்டை மட்டும் கொண்டு அவற்றை ஒப்பிடுவது பிழையான முடிவைத் தரக்கூடும்.

## முன்வரலாறு

விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் பெறும் வழக்கம் இணையத்திற்கு முற்பட்டது. ஏல நிறுவனங்கள் நெடுங்காலமாக விற்பவரிடமிருந்து தரகு பெற்று வந்தன. 1975 ஆம் ஆண்டில் இலண்டனில் கிறிஸ்டீஸ், சோதபீஸ் ஆகிய இரு பெரும் ஏல நிறுவனங்களும் ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவரிடமிருந்தும் ஒரு தொகையைப் பெறத் தொடங்கின. பழம்பொருள் வணிகர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். எனினும் இம்முறை நிலைத்துவிட்டது. இன்று சில இணையச் சந்தைகள் "வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம்" என்ற பெயரில் பெறும் தொகை இதே வகையைச் சேர்ந்தது.

1995 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பியர் ஒமிடியார் என்பவர் ஐக்கிய அமெரிக்காவின் சான் ஓசே நகரில் "ஆக்சன்வெப்" என்னும் ஏல இணையத்தளத்தைத் தொடங்கினார். இது 1997 இல் ஈபே என்று பெயர் மாற்றப்பட்டது. பட்டியலிடும்போது ஒரு சிறு தொகை, விற்பனை முடிந்தபின் இறுதி விலையில் ஒரு விழுக்காடு என்னும் இரட்டைக் கட்டண முறையை இணையத்தில் பரவலாக்கியது ஈபே ஆகும். பின்னர் வந்த சந்தைகள் பல இம்முறையையே சிறு மாறுதல்களுடன் பின்பற்றின.

2005 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் எட்சி தொடங்கப்பட்டது. கையால் செய்த பொருட்கள், குறைந்தது 20 ஆண்டுப் பழமையுள்ள பொருட்கள், கைவினைக்கு வேண்டிய மூலப்பொருட்கள் ஆகிய மூன்றையும் விற்பதற்கான சந்தையாக அது வளர்ந்தது. 2008 இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் வின்டெட், 2011 இல் இத்தாலியின் மிலான் நகரில் டிப்பாப், அதே ஆண்டில் கலிபோர்னியாவில் போஷ்மார்க், 2013 இல் தோக்கியோவில் மெர்காரி ஆகியவை தோன்றின. இவை நான்கும் பயன்படுத்திய ஆடைகளையும் பொருட்களையும் விற்பதில் பெயர் பெற்றவை. அமேசான் நிறுவனம் கைவினைப் பொருட்களுக்கென அமேசான் ஹேண்ட்மேட் என்னும் தனிப் பிரிவை 2015 அக்டோபரில் தொடங்கியது.

## கட்டண வகைகள்

இணையச் சந்தைகள் பெறும் கட்டணங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* பட்டியற் கட்டணம் - பொருளைச் சந்தையில் காட்சிக்கு வைப்பதற்கான கட்டணம். பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் இதனைச் செலுத்த வேண்டும். எட்சியில் ஒரு பொருளுக்கு 0.20 டாலர், இது நான்கு மாதங்களுக்குச் செல்லும். ஐக்கிய அமெரிக்காவில் ஈபே மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பட்டியற் கட்டணம் இன்றி இட அனுமதிக்கின்றது.
* விற்பனைத் தரகு - பொருள் விற்றபின் விலையில் ஒரு விழுக்காடாகப் பெறப்படுவது. இதுவே பெரும்பாலான சந்தைகளின் முதன்மை வருவாயாகும்.
* பணப்பரிமாற்றக் கட்டணம் - கடனட்டை முதலியவற்றின் வழியாக வரும் பணத்தைப் பெற்று விற்பவரின் கணக்கில் சேர்ப்பதற்கான கட்டணம். இது ஒரு விழுக்காடும் ஒரு நிலையான தொகையும் சேர்ந்ததாக இருக்கும்.
* விளம்பரக் கட்டணம் - பொருளைத் தேடல் முடிவுகளில் முன்னே காட்டுவதற்கோ, பிற தளங்களில் விளம்பரப்படுத்துவதற்கோ பெறப்படுவது.
* கடைச் சந்தா - மாதந்தோறும் செலுத்தும் தொகை. இதனைச் செலுத்துவோருக்கு வேறு சில கட்டணங்கள் குறைக்கப்படுகின்றன.
* நாணய மாற்றுக் கட்டணம் - பட்டியலிட்ட நாணயமும் விற்பவரின் கணக்கு நாணயமும் வேறுபடும்போது பெறப்படுவது. எட்சியில் இது 2.5 விழுக்காடாகும்.
* வாங்குபவர் கட்டணம் - விற்பவரிடம் பெறாமல், விலைக்கு மேல் வாங்குபவரிடம் பெறப்படுவது.

## கணிக்கும் அடிப்படை

ஒரே விழுக்காட்டைக் கூறும் இரு சந்தைகள் வெவ்வேறு தொகையைப் பெற முடியும். விழுக்காடு எதன்மீது கணக்கிடப்படுகின்றது என்பதே இதற்குக் காரணம். பொருளின் விலை, அஞ்சற்செலவு, பரிசுப் பொதி செய்வதற்கான தொகை, விற்பனை வரி ஆகியவற்றுள் எவை சேர்க்கப்படுகின்றன என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஈபேயின் இறுதி விலைக் கட்டணம் பொருளின் விலைமீது மட்டும் கணக்கிடப்பட்டது. இதனால் சில விற்பனையாளர்கள் விலையை மிகக் குறைத்து, அஞ்சற்செலவை மிக உயர்த்திக் காட்டிக் கட்டணத்தைத் தவிர்த்தனர். 2011 இல் ஐக்கிய அமெரிக்காவில் அஞ்சற்செலவும் கணக்கில் சேர்க்கப்பட்டது. எட்சி 2018 சூலையில் தரகை 3.5 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியபோது, அஞ்சற்செலவையும் அதன் அடிப்படையில் சேர்த்தது. எனவே அம்மாற்றம் வெளித்தோற்றத்திற்கு ஒன்றரை விழுக்காடாக இருப்பினும், உண்மையில் அதனினும் மிகுதியானதாகும். கனமான மட்பாண்டங்களையும் மரப்பொருட்களையும் விற்போருக்கு அஞ்சற்செலவு அதிகம் என்பதால் அவர்களே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர்.

ஈபேயில் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத் தொகையின்மீது கட்டணம் கணக்கிடப்படுகின்றது. விற்பவரின் கைக்கு வராத வரித்தொகைக்கும் அவர் தரகு செலுத்துகின்றார் என்பது இதன் பொருள்.

## சந்தைகள் வாரியாக

### எட்சி

எட்சியின் விற்பனைத் தரகு 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 விழுக்காடாகும். ஐக்கிய அமெரிக்காவில் பணப்பரிமாற்றக் கட்டணம் 3 விழுக்காடும் 0.25 டாலரும் ஆகும். 2020 இல் வெளித்தள விளம்பரத் திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. இதன்படி எட்சி தன் செலவில் தேடுபொறிகளிலும் சமூக வலைத்தளங்களிலும் விளம்பரம் செய்யும். அவ்விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர் பொருள் வாங்கினால் மட்டுமே விற்பவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஓராண்டில் 10,000 டாலருக்குக் குறைவாக விற்போருக்கு இது 15 விழுக்காடு. அவர்கள் விரும்பினால் திட்டத்திலிருந்து விலகலாம். அத்தொகையை எட்டியவர்களுக்கு 12 விழுக்காடு. அவர்கள் விலக முடியாது. ஓர் ஆணைக்கு இக்கட்டணம் 100 டாலருக்கு மேற்படாது.

### ஈபே

ஐக்கிய அமெரிக்காவில் கடைச் சந்தா இல்லாதவர்களுக்குப் பெரும்பாலான வகைப் பொருட்களுக்கான இறுதி விலைக் கட்டணம் 2025 பிப்ரவரியில் 13.6 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதனுடன் 10 டாலர் வரையிலான ஆணைக்கு 0.30 டாலரும், அதற்கு மேற்பட்டதற்கு 0.40 டாலரும் சேரும். இத்தொகையில் பணப்பரிமாற்றக் கட்டணமும் அடங்கும். முன்னர் ஈபேயில் விற்றவர்கள் பேபால் நிறுவனத்திற்குத் தனியாகக் கட்டணம் செலுத்தி வந்தனர். 2002 இல் ஈபே வாங்கிய பேபால் 2015 இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன்பின் ஈபே பணப்பரிமாற்றத்தைத் தானே நடத்தத் தொடங்கியது. எனவே ஈபேயின் பழைய விழுக்காட்டையும் புதிய விழுக்காட்டையும் நேரடியாக ஒப்பிடுவது பொருத்தமன்று.

ஜெர்மனியில் 2023 மார்ச்சு முதலும், ஐக்கிய இராச்சியத்தில் 2024 அக்டோபர் முதலும் தனி ஆட்களாக விற்போருக்கான விற்பனைக் கட்டணத்தை ஈபே நீக்கியது. ஐக்கிய இராச்சியத்தில் 2025 பிப்ரவரியில் அதற்கு ஈடாக வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் கொண்டுவரப்பட்டது.

### அமேசான் ஹேண்ட்மேட்

இப்பிரிவில் தரகு 15 விழுக்காடாகும். பட்டியற் கட்டணம் இல்லை. பணப்பரிமாற்றத்திற்கும் தனிக் கட்டணம் இல்லை. விற்பவர் உண்மையில் கையால் செய்பவரா என்பதை நிறுவனம் சோதித்த பின்னரே அனுமதி தருகின்றது.

### போஷ்மார்க்

15 டாலருக்குக் குறைந்த விற்பனைக்கு 2.95 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 20 விழுக்காடு என்பது இதன் கட்டணமாகும். விழுக்காடு உயர்வாயினும் முறை எளிமையானது. வேறு கழிவுகள் எவையும் இல்லை. அஞ்சற்செலவை வாங்குபவர் தனியே செலுத்துவார். 2024 அக்டோபர் தொடக்கத்தில் இந்நிறுவனம் விற்பவர் கட்டணத்தைக் குறைத்து, ஒரு பகுதியை வாங்குபவர்மீது சுமத்தியது. விற்பனை குறைந்ததாக விற்பனையாளர்கள் முறையிட்டதை அடுத்து, அதே மாத இறுதிக்குள் பழைய முறைக்கே திரும்பியது.

### மெர்காரி

யப்பானில் மெர்காரியின் தரகு 10 விழுக்காடாகும். ஐக்கிய அமெரிக்காவில் 2024 மார்ச்சில் விற்பவர் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டு, வாங்குபவரிடம் கட்டணம் பெறப்பட்டது. ஓராண்டு நிறைவடையும் முன்னரே, 2025 சனவரியில், விற்பவருக்கு 10 விழுக்காடு, வாங்குபவருக்கு 3.6 விழுக்காடு என்று மீண்டும் மாற்றப்பட்டது.

### டிப்பாப்

2021 இல் எட்சி நிறுவனம் டிப்பாப்பை 1.6 பில்லியன் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு வாங்கியது. 10 விழுக்காடாக இருந்த இதன் தரகு, ஐக்கிய இராச்சியத்தில் 2024 மார்ச்சிலும் ஐக்கிய அமெரிக்காவில் அதே ஆண்டு சூலையிலும் நீக்கப்பட்டது. பணப்பரிமாற்றக் கட்டணம் மட்டும் விற்பவரிடம் பெறப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இது 3.3 விழுக்காடும் 0.45 டாலரும் ஆகும். வாங்குபவரிடம் தனிக் கட்டணம் பெறப்படுகின்றது.

### வின்டெட்

வின்டெட் விற்பவரிடம் கட்டணம் பெறுவதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வாங்குபவர் பொருள் விலையில் 5 விழுக்காடும் 0.70 யூரோவும் பாதுகாப்புக் கட்டணமாகச் செலுத்துகின்றார். வீட்டில் உள்ள பழைய ஆடைகளை முதன்முறையாக விற்க முன்வருவோரை ஈர்ப்பதற்கு இம்முறை உதவியது.

### உள்ளூர் விளம்பரத் தளங்கள்

கிரெய்க்ஸ்லிஸ்ட், கம்ட்ரீ, ஓ.எல்.எக்ஸ் போன்ற தளங்களில் பழைய வீட்டுப் பொருட்களை விற்கும் சாதாரண விளம்பரங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இங்கு விற்பவரும் வாங்குபவரும் நேரில் சந்தித்துப் பணத்தையும் பொருளையும் மாற்றிக்கொள்கின்றனர். பேஸ்புக் சந்தையில் உள்ளூரில் நேரடியாக விற்பதற்குக் கட்டணம் இல்லை. அஞ்சலில் அனுப்பும் விற்பனைக்கு ஐக்கிய அமெரிக்காவில் 5 விழுக்காடாக இருந்த கட்டணம் 2024 ஏப்ரலில் 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

கட்டணம் இல்லாத தளங்களில் பணத்திற்கான பாதுகாப்பும் இல்லை. போலிப் பணப்பரிமாற்றச் செய்தி, முன்பண மோசடி ஆகியவற்றின் இடர் முழுவதையும் விற்பவரும் வாங்குபவருமே ஏற்க வேண்டும்.

## ஒப்பீட்டுக் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் 30 டாலர் விலையுள்ள ஒரு பொருளை 5 டாலர் அஞ்சற்செலவுடன் விற்பதாகக் கொள்வோம். வாங்குபவர் செலுத்துவது 35 டாலர். விற்பனை வரி கணக்கில் கொள்ளப்படவில்லை. 2025 ஆம் ஆண்டின் கட்டண வீதங்களின்படி விற்பவர் பெறுவது பின்வருமாறு அமையும். கடைசி நிரலில் 5 டாலர் அஞ்சற்செலவும் கழிக்கப்பட்டுள்ளது.

| சந்தை | கட்டணம் (டாலர்) | கையில் நிற்பது (டாலர்) |
|---|---|---|
| டிப்பாப் | 1.61 | 28.39 |
| மெர்காரி | 3.50 | 26.50 |
| எட்சி | 3.78 | 26.22 |
| ஈபே | 5.16 | 24.84 |
| அமேசான் ஹேண்ட்மேட் | 5.25 | 24.75 |
| போஷ்மார்க் | 6.00 | 24.00 |
| எட்சி (வெளித்தள விளம்பரம் வழி) | 9.03 | 20.97 |

போஷ்மார்க்கில் அஞ்சற்செலவு விற்பவரின் கணக்கிற்கு வருவதில்லை. ஆகவே 30 டாலரின்மீது மட்டும் கட்டணம் கணக்கிடப்பட்டுள்ளது.

எட்சியின் 3.78 டாலர் பின்வருமாறு பெறப்பட்டது: பட்டியற் கட்டணம் 0.20, 35 டாலரில் 6.5 விழுக்காடு 2.28, 35 டாலரில் 3 விழுக்காடு 1.05, நிலையான தொகை 0.25. வாங்குபவர் விளம்பரத்தைச் சொடுக்கி வந்திருந்தால் இதனுடன் 35 டாலரில் 15 விழுக்காடான 5.25 டாலர் சேர்ந்துகொள்ளும். ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே விலைக்கு விற்ற இரு பொருட்களுக்குள் ஒன்றுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடும், மற்றொன்றுக்கு ஏறத்தாழ 26 விழுக்காடும் கழிக்கப்படக்கூடும் என்பது இதனால் விளங்கும். எந்த விற்பனை விளம்பரத்தின் வழி வரும் என்பதை விற்பவர் முன்கூட்டியே அறிய இயலாது.

### விலை குறைந்த பொருட்கள்

பொருளின் விலை குறையக் குறைய நிலையான தொகைகளின் பங்கு கூடுகின்றது. 5 டாலர் விலையுள்ள ஒரு காதணியை 4 டாலர் அஞ்சற்செலவுடன் எட்சியில் விற்றால் கட்டணம் 1.31 டாலர் ஆகும். இது மொத்தத் தொகையான 9 டாலரில் ஏறத்தாழ 14.5 விழுக்காடு, ஆனால் பொருளின் விலையான 5 டாலரில் 26 விழுக்காடு. அஞ்சற்செலவு முழுவதும் அஞ்சலகத்திற்கே செல்வதால் விற்பவரைப் பொறுத்தவரை இரண்டாவது கணக்கே உண்மை நிலையைக் காட்டுகின்றது. இதனால் சிறு பொருட்களைத் தனித்தனியே விற்காமல் இரண்டு மூன்றாகச் சேர்த்து விற்பது வழக்கமாகியது.

### விற்காத பொருட்களின் செலவு

பட்டியற் கட்டணம் சிறியதாகத் தோன்றினாலும், விற்காத பொருட்களுக்கும் அது செலுத்தப்படுகின்றது. ஒருவர் 40 பொருட்களைப் பட்டியலிட்டு, நான்கு மாதங்களில் 10 பொருட்கள் மட்டும் விற்றால், அவர் செலுத்திய 8 டாலரை அப்பத்துப் பொருட்களே ஈடுசெய்ய வேண்டும். அதாவது விற்ற பொருள் ஒன்றுக்குப் பட்டியற் கட்டணம் 0.20 டாலர் அன்று; 0.80 டாலர் ஆகும்.

### உழைப்பின் மதிப்பு

மேற்கண்ட 30 டாலர் பொருளைச் செய்ய மூலப்பொருளுக்கும் பொதி செய்வதற்கும் 10 டாலர் செலவாகின்றது என்றும், இரண்டு மணிநேரம் வேண்டியிருக்கின்றது என்றும் கொள்வோம். எட்சியில் நேரடியாக விற்றால் ஒரு மணிநேர உழைப்பிற்கு 8.11 டாலர் கிடைக்கும். வெளித்தள விளம்பரத்தின் வழியாக விற்றால் 5.49 டாலர் மட்டுமே கிடைக்கும். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகும். தன் தொழிலைத் தானே செய்பவருக்கு அச்சட்டம் பொருந்தாது. எனினும், விளம்பரக் கட்டணம் ஒன்றே கைவினைஞரின் வருமானத்தை அவ்வளவுக்கும் கீழே கொண்டு செல்லக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

## விலை நிர்ணயம்

கட்டணத்தை ஈடுசெய்யும் வகையில் விலையை அமைக்கும்போது பலரும் ஒரு பிழையைச் செய்கின்றனர். தமக்கு வேண்டிய தொகையுடன் கட்டண விழுக்காட்டைக் கூட்டிவிடுகின்றனர். கட்டணமோ உயர்த்தப்பட்ட புதிய விலையின்மீது கணக்கிடப்படுகின்றது. சரியான முறை பின்வருமாறு:

*மொத்த விலை = (வேண்டிய தொகை + நிலையான கட்டணங்கள்) ÷ (1 − கட்டண வீதம்)*

எடுத்துக்காட்டாக, எட்சியில் அஞ்சற்செலவு 5 டாலர் போக 28 டாலர் கையில் நிற்க வேண்டுமாயின், வேண்டிய தொகை 33 டாலர். நிலையான கட்டணங்கள் 0.20, 0.25 சேர்ந்து 0.45. கட்டண வீதம் 6.5, 3 சேர்ந்து 9.5 விழுக்காடு. எனவே 33.45 ஐ 0.905 ஆல் வகுக்க 36.96 டாலர் கிடைக்கும். இதில் அஞ்சற்செலவு போக, பொருளின் விலை 31.96 டாலர் ஆகும். வெறுமனே 9.5 விழுக்காட்டையும் 0.45 ஐயும் கூட்டினால் 36.59 டாலர் வரும். அப்போது ஒவ்வொரு விற்பனையிலும் 0.34 டாலர் குறையும். ஓராண்டில் 500 பொருட்கள் விற்பவருக்கு இது 170 டாலர் இழப்பாகும்.

2019 சூலையில் எட்சி, 35 டாலருக்கு மேற்பட்ட ஆணைகளுக்கு அஞ்சற்செலவு பெறாத கடைகளை ஐக்கிய அமெரிக்கத் தேடல் முடிவுகளில் முன்னுரிமையுடன் காட்டத் தொடங்கியது. இதனால் பலர் அஞ்சற்செலவைப் பொருளின் விலைக்குள் சேர்த்தனர். அத்தகைய விலைகளை ஒப்பிடும்போது அஞ்சற்செலவைப் பிரித்துப் பார்ப்பது தேவையாகும்.

## யார் கட்டணம் செலுத்துகின்றார்

விற்பவர்களும் வாங்குபவர்களும் கூடும் இத்தகைய சந்தைகளைப் பொருளியலாளர் இருபக்கச் சந்தை என்பர். பிரான்சு நாட்டுப் பொருளியலாளர்களான இழான்-சார்லசு ரோசே, இழான் திரோல் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. திரோல் 2014 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்பது மட்டுமன்றி, அது இரு பக்கங்களுக்கும் எவ்வாறு பகிரப்படுகின்றது என்பதும் சந்தையின் அளவைத் தீர்மானிக்கின்றது என்று அவர்கள் காட்டினர்.

போஷ்மார்க், மெர்காரி ஆகியவற்றின் 2024 ஆம் ஆண்டு மாற்றங்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும். விற்பவர் கட்டணத்தை நீக்கினால் பொருட்கள் பெருகும்; ஆனால் வாங்குபவர் இறுதியில் செலுத்த வேண்டிய தொகை கூடியதும் வாங்காமலே திரும்பிவிடலாம். வாங்குபவர் "இந்தப் பொருளுக்கு 30 டாலர் வரை கொடுக்கலாம்" என்று எண்ணியிருந்தால், 2 டாலர் கட்டணம் சேரும்போது விற்பவர் விலையை 28 டாலராகக் குறைக்க நேரிடும். எனவே கட்டணம் எவர் பெயரில் பெறப்பட்டாலும் அதன் சுமை ஓரளவு இருவர்மீதும் விழுகின்றது. விற்பவருக்குக் கட்டணமே இல்லை என்னும் அறிவிப்பை, விற்பனைக்குச் செலவே இல்லை என்று பொருள் கொள்ளலாகாது.

## எதிர்ப்புகள்

கட்டண உயர்வுகள் பலமுறை விற்பனையாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்துள்ளன. 2008 தொடக்கத்தில் ஈபே பட்டியற் கட்டணத்தைக் குறைத்து, இறுதி விலைக் கட்டணத்தை உயர்த்தியது. அத்துடன் வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறைக் கருத்து இடுவதையும் தடை செய்தது. இதனை எதிர்த்து அவ்வாண்டு பிப்ரவரியில் விற்பனையாளர்களில் ஒரு பகுதியினர் ஒரு வார காலம் பொருட்களைப் பட்டியலிடாமல் புறக்கணிப்பு நடத்தினர்.

எட்சியின் தரகு 6.5 விழுக்காடாக உயர்ந்த 2022 ஏப்ரல் 11 அன்று, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் தம் கடைகளை ஒரு வார காலத்திற்கு மூடி வேலைநிறுத்தம் செய்தனர். கட்டண உயர்வைத் திரும்பப் பெறுதல், வெளித்தள விளம்பரத்திலிருந்து எல்லோரும் விலக உரிமை, ஆலைகளில் செய்த பொருட்களைக் கைவினை என்று விற்போரைத் தடுத்தல் ஆகியவை அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளாகும். கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனம் பெரும் வருவாய் ஈட்டிய பின்னரும் கட்டணத்தை உயர்த்துவது முறையன்று என்பது அவர்கள் வாதம். கிடைக்கும் கூடுதல் தொகை விளம்பரத்திற்கும் விற்பனையாளர் உதவிக்கும் செலவிடப்படும் என்பது நிறுவனத்தின் விளக்கம். கட்டண உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. எனினும் இப்போராட்டத்தின் விளைவாக இன்டி செல்லர்ஸ் கில்டு என்னும் விற்பனையாளர் அமைப்பு உருவானது.

சந்தையை விட்டு வெளியேறுவது சிறு விற்பனையாளருக்கு எளிதன்று. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் மதிப்புரைகளையும், தேடல் முடிவுகளில் பெற்ற இடத்தையும் வேறு சந்தைக்கு எடுத்துச் செல்ல முடியாது. கட்டணத்தை நிர்ணயிப்பதில் நிறுவனங்களின் கை ஓங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

## இந்தியாவில்

2000 இல் தொடங்கப்பட்ட பாசி.காம் என்னும் இந்திய ஏலத் தளத்தை 2004 இல் ஈபே வாங்கி, ஈபே இந்தியா என்று நடத்தியது. இது 2017 இல் பிளிப்கார்ட்டுடன் இணைக்கப்பட்டு 2018 இல் மூடப்பட்டது.

இந்தியாவில் விற்போருக்குச் சந்தைக் கட்டணத்துடன் வேறு சில கழிவுகளும் உள்ளன. சந்தை நிறுவனம் பெறும் தரகின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகின்றது. எனவே 15 விழுக்காடு தரகு என்பது வரியுடன் 17.7 விழுக்காடாகும். மேலும், விற்பனைத் தொகையில் ஒரு பகுதியைச் சந்தை நிறுவனமே பிடித்து அரசுக்குச் செலுத்துகின்றது. சரக்கு மற்றும் சேவை வரியின் கீழ் 2018 அக்டோபர் முதல் 1 விழுக்காடாக இருந்த இப்பிடித்தம், 2024 சூலையில் 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வருமான வரியின் கீழ் 2020 அக்டோபர் முதல் 1 விழுக்காடாக இருந்தது, 2024 அக்டோபரில் 0.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இவ்விரண்டும் கட்டணம் அல்ல. பின்னர் வரிக்கணக்கில் ஈடுசெய்துகொள்ளத் தக்கவை. ஆயினும் அதுவரை அப்பணம் விற்பவரின் கைக்கு வருவதில்லை.

கைத்தறி, கைவினைஞர்களுக்காக இந்திய அரசின் ஜவுளித்துறை அமைச்சகம் இந்தியாஹேண்ட்மேட் என்னும் இணையச் சந்தையை 2023 இல் தொடங்கியது. இதில் கைவினைஞர்களிடம் தரகு பெறப்படுவதில்லை. ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் அமையாத இணைய வணிக வலையமைப்பாக ஓ.என்.டி.சி. உருவாக்கப்பட்டது. 2022 இல் அதன் முன்னோட்டம் நடைபெற்ற ஐந்து நகரங்களுள் கோயம்புத்தூரும் ஒன்றாகும்.

## ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

* கட்டண விழுக்காடு பொருளின் விலைமீதா, அஞ்சற்செலவும் வரியும் சேர்ந்த தொகைமீதா என்பது.
* பணப்பரிமாற்றக் கட்டணம் தரகில் அடங்கியுள்ளதா, தனியானதா என்பது.
* விளம்பரக் கட்டணத்திலிருந்து விலகும் உரிமை உள்ளதா என்பது.
* பொருள் திரும்பி வந்தால் செலுத்திய கட்டணங்களுள் எவை திருப்பித் தரப்படும் என்பது.
* பணம் எத்தனை நாட்களில் விற்பவரின் கணக்கிற்கு வரும் என்பது.
* தாம் விற்கும் வகைப் பொருளைத் தேடி வருவோர் அச்சந்தையில் உள்ளனரா என்பது.

இவற்றுள் இறுதியானது கட்டண அட்டவணைகளில் காணப்படுவதில்லை. கட்டணம் மிகக் குறைந்த சந்தையில் விற்காமல் கிடக்கும் பொருளைவிட, கட்டணம் கூடிய சந்தையில் ஒரே வாரத்தில் விற்கும் பொருள் அதிக வருமானம் தரக்கூடும். எனவே விற்பனையாளர் பலர் ஒரே பொருளை இரண்டு அல்லது மூன்று சந்தைகளில் பட்டியலிட்டு, ஓரிடத்தில் விற்றதும் பிற இடங்களில் நீக்கிவிடுகின்றனர். ஒன்றே ஒன்றாக உள்ள பழைய பொருளை இவ்வாறு விற்பவர், ஒரே நேரத்தில் இருவருக்கு விற்றுவிடாதபடி கவனமாக இருத்தல் வேண்டும்.